முன்சீட்டில் கூட ஒரு ஆள் உட்கார்ந்த மாதிரியாம்! பழைய காருக்கு இன்ஜின் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

வியாசர்பாடிப் பக்கம் ஒரு ஷெட்டில் பிரீமியர் பத்மினிக்கு லோடு வண்டியிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜினை ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரத்தில் முன் டயர் இரண்டும் உள் ஓரம் மொட்டை. எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் மூன்று தடவை குதித்துவிட்டுத்தான் அடங்குகிறது. ஸ்டியரிங்கை ஒடிக்க இரண்டு கை பத்தவில்லை.

வேலைக்கு முன்னால் உரிமையாளர் கேட்டிருக்கிறார்: "வெயிட்டு எவ்ளோ ஏறும்ணா?" வந்த பதில்: "இன்னா சார், முன்சீட்ல கூட ஒரு ஆளு குந்துனா மாதிரி, அவ்ளோதான்."

ஏமாற்று இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. முன்சீட்டில் உட்காருகிறவர் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறார். அவர் எடையில் பாதியைப் பின் சக்கரம் வாங்கிக்கொள்ளும். இன்ஜின் அப்படி இல்லை. பத்மினியின் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) 2340 மி.மீ. கூடுதலாக ஏறிய 90 கிலோ முன் அச்சுக்கு ஒரு சாண் முன்னால் தொங்கினால் முன் சக்கரங்களில் ஏறுவது 90 அல்ல, 99 கிலோ. அந்த உபரி 9 கிலோ பின் சக்கரத்திலிருந்து குறைகிறது. இந்த வண்டியில் இன்ஜினுக்கும் ஆட்களுக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகடான ஃபயர்வாலை வெட்டச் சோம்பல்பட்டு இன்ஜினை முன்னுக்குத் தள்ளி உட்கார வைத்திருக்கிறார்கள், ரேடியேட்டர் அதற்கும் முன்னே போய்விட்டது.

எடை மேடையில் ஏற்றியதும் குட்டு வெளிப்பட்டது. மாற்றம் செய்யாத இன்னொரு பத்மினி அதே மேடையில் முன் 460, பின் 440, மொத்தம் 900 கிலோ. இந்த வண்டி முன் 560, பின் 430, மொத்தம் 990.

மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் லாரிக்காக எடை மேடைகள் நிறையவே உண்டு. முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டிக்கு ஒரு சீட்டு. கழித்தால் பின் அச்சின் எடை. மேடையும் அணுகுசாலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், பிரேக் பிடிக்காமல் நியூட்ரலில் நிறுத்த வேண்டும், டிரைவர் இறங்கிவிட வேண்டும், இரண்டு முறையும் டேங்கில் எரிபொருள் ஒரே அளவு. பெரிய மேடைகள் 10, 20 கிலோ படியில்தான் காட்டும் என்பதால் சின்ன மேடையாகப் பாருங்கள். இன்ஜினைக் கழற்றும் முன்பே ஒருமுறை எடை போட்டுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்" என்கிற ஷெட்டில் வண்டியை விடாதீர்கள்.

ஒரு முன் சக்கரத்துக்கு 50 கிலோ கூடியதும் காயில் ஸ்பிரிங் அமுங்கி வண்டி தாழ்ந்தது. அதை மறைக்கக் காயில் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் கட்டை செருகியிருக்கிறார்கள். டெலிவரி அன்றைக்கு வண்டி நிமிர்ந்து நிற்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கட்டை பிடித்த சுற்று வேலை செய்யாது, மிச்சச் சுற்றுகள்தான் அவ்வளவையும் தாங்க வேண்டும். கட்டையை ஒட்டிய இடத்திலேயே கம்பி முறியும். சரியான வழி தடித்த கம்பியில் புது ஸ்பிரிங். கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் விறைப்பு கூடும். உதாரணத்துக்கு 12 மி.மீ. கம்பியை 12.6 ஆக்கினாலே 21 சதவீதம் கிடைக்கும், இந்த வண்டிக்கு அவ்வளவுதான் தேவை. ஷாக் அப்சார்பரையும் அதற்கேற்ப மாற்றி, கடைசியில் கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்), டோ (இரு சக்கரங்களின் முன்முனைகள் நெருங்கியோ விலகியோ நிற்கும் அளவு) சரிபார்க்க வேண்டும். அம்பாசடரில் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கில் வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பியைத் திருப்பி உயரத்தை ஏற்றிவிட்டு "டைட் பண்ணிட்டேன்" என்பார்கள். திருப்பினால் உயரம்தான் ஏறும், விறைப்பு துளியும் கூடாது.

பிரேக்தான் பயப்பட வேண்டிய இடம். பின்பக்கம் லேசானதால் மழையில் சட்டென்று மிதித்தால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வால் திரும்பும். கணேசபுரம் சுரங்கப்பாதை இறக்கத்தில், ஈரத்தில், பின்னால் தண்ணி லாரி வரும்போது அது நடந்தால் என்ன ஆகும்? பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால் கொஞ்சம் உதவும்: 15 கிலோ பேட்டரி முன் அச்சின் மேலிருந்து பின் அச்சுக்கு 60 செ.மீ. பின்னால் போனால் முன்னால் 19 கிலோ குறையும். பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டர் உள்ள வண்டி என்றால் இன்னொன்று: பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம் (உறிஞ்சும் இழுப்பு) டீசல் இன்ஜினின் மேனிஃபோல்டில், அதாவது காற்றுக் குழாயில், கிடைக்காது. ஆல்டர்னேட்டரோடு வரும் வேக்கம் பம்ப் இல்லாமல் ஏற்றினால் பெடல் கல்லு மாதிரி நிற்கும்.

கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டை லேத்தில் வெட்டி ஒட்டியவர்கள் பேலன்ஸ் பண்ணவில்லை, 60 கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிர்கிறது.

எடை ஏறாமல் மாற்ற வழியே இல்லையா என்றால், உண்டு. மாருதி ஜிப்ஸியின் 1298 சி.சி. இன்ஜின் அலுமினியம், நீளவாக்கில் உட்காரும், நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக இருப்பதால் கியர்பாக்ஸை அப்படியே பயன்படுத்தலாம். முன்பக்கம் லேசாகித் தூக்கிக்கொண்டால் அதற்கும் ஸ்பிரிங்கைச் சரிசெய்தாக வேண்டும்.

இவ்வளவும் அனுமதி இருந்தால்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. 15 வருடம் தாண்டிய கார் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது இன்ஜின் எண்ணைப் பார்ப்பார்கள். இந்த வண்டியின் டீசல் இன்ஜினுக்குப் பில்லே கிடையாது.

பழைய இன்ஜினையும் "எக்ஸ்சேஞ்ச்ல கழிச்சிட்டேன்" என்று ஷெட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். 2021 விதிப்படி 50 வருடம் கடந்த வண்டியை விண்டேஜாகப் பதிய முடியும், ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதனால் ஆர்சியோடு எண் பொருந்தும் இன்ஜினுக்கு ஆள் தேடி வருவார்கள் என்று ஷெட்டுக்குத் தெரியும். கழற்றுவதற்கு முன் எண்ணைப் படம் எடுங்கள். கழற்றிய அன்றைக்கே கார்புரேட்டர், டைனமோ, கியர்பாக்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு குட்டியானையில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், பிளக் துளைகளில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டி, தார்ப்பாய் போர்த்தி வையுங்கள்.