புது ஹார்ட் டிஸ்க் என்று சொல்லி மூன்று வருடம் ஓடியதைக் கொடுத்தார்கள்

சென்னை ரிச்சி தெருவுக்கு நாஸ் பாக்ஸ் (ஹார்ட் டிஸ்குகளைப் போட்டு, வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் படம், வீடியோ சேமித்து வைக்கும் பெட்டி) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு டிஸ்க் போடும் நெட்கியர் கம்பெனியின் ரெடிநாஸ் என்ற நாஸ் பாக்ஸ் பத்து வருடமாக ஓடியது. அப்பாவின் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து வைத்ததிலிருந்து பிள்ளைகளின் கல்யாண வீடியோ வரை எல்லாம் அதில்தான். 2022-ல் நெட்கியர் அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. பாக்ஸில் கோளாறு இல்லை. ஆனால் பாதுகாப்பு அப்டேட் வராத ஒன்றை நெட்டில் இணைத்து வைக்க எனக்குப் பயம். 2015-லேயே ஆதரவு நின்றுபோன டபிள்யூ.டி. கம்பெனியின் மை புக் லைவ் என்ற நெட்வொர்க் டிஸ்க் வைத்திருந்த பலருக்கு, 2021 ஜூனில் யாரோ வெளியிலிருந்து நுழைந்து மொத்த டேட்டாவையும் அழித்தது நினைவிருக்கும். அதனால் மாற்றிவிடலாம் என்று போனேன்.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "பழைய டிஸ்கை புது பாக்ஸ்ல சொருகுங்க சார், அப்படியே எடுத்துக்கும். பழைய பாக்ஸை குடுத்துருங்க, மூவாயிரம் கம்மி பண்றேன்" என்றார். நம்பிக் கொடுத்தேன். வேறு கம்பெனி பாக்ஸ் ஒன்று, எட்டு டிபி டிஸ்க் இரண்டு, எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய்.

வீட்டுக்கு வந்து பழைய டிஸ்கைப் போட்டால், இதில் உள்ளதெல்லாம் அழிக்கப்படும், தொடரலாமா என்று திரையில் வருகிறது. கடைக்கு போன் செய்தேன். "ஓகே குடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. நான் ஓகே கொடுத்திருந்தால் இருபது வருடப் படங்கள் போயிருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் டிஸ்கைத் தன் முறையில் பிரித்து எழுதுகிறது. ஒரே கம்பெனியின் பழைய மாடலிலிருந்து புது மாடலுக்குச் சில சமயம் அப்படியே மாற்றலாம். வேறு கம்பெனிக்கு என்றால் காப்பிதான் செய்ய வேண்டும். தங்கை மகன் வந்து பழைய டிஸ்கை லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் மாட்டினான். ரெடிநாஸ் டிஸ்கில் எழுதுவது லினக்ஸுக்கே தெரிந்த முறைகளில்தான் (டிஸ்குகளைச் சேர்க்க எம்.டி. ரெய்டு, ஃபைல்களை அடுக்க பி.டி.ஆர்.எஃப்.எஸ்) என்பதால் எல்லாம் திறந்தது. ஒரு ராத்திரி முழுக்கக் காப்பி ஆனது.

அப்புறம்தான் அடுத்த அடி. புது டிஸ்குகள் அட்டைப் பெட்டியில் வரவில்லை, வெறும் வெள்ளிக் கவரில் வந்தன. "பல்க் பேக் சார், அதான் விலை கம்மி" என்றார்கள். புது நாஸ் பாக்ஸில் போட்டுப் பார்த்தபோது டிஸ்க் ஓடிய நேரம் சில மணிதான் காட்டியது. மூன்றாவது வாரம் ஒரு டிஸ்க் நின்றது. மற்றதிலும் படிக்கும் பிழை. இரண்டு டிஸ்கிலும் அதே டேட்டாவை எழுதி வைக்கும் மிரர்தானே என்று தைரியமாக இருந்தேன், இரண்டும் சேர்ந்து போகும் என்று நினைக்கவில்லை.

சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டால் வாரண்டி முடிந்துவிட்டது என்கிறது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் கணக்கில், ஓடிய நேரத்தை அழித்துவிட முடியுமாம். சில டிஸ்குகளில் ஃபார்ம் என்று தனியாக ஒரு உள்பதிவு உண்டு, அதை அழிப்பது அவ்வளவு சுலபமில்லை. டிஸ்கைச் சோதிக்கும் ஸ்மார்ட்மோன்டூல்ஸ் என்ற மென்பொருளில் 7.4 பதிப்பு முதல் அதைப் படிக்கலாம். தங்கை மகன் படித்துக் காட்டினான்: 27,000 மணி நேரத்துக்கு மேல். மூன்று வருடத்துக்கும் அதிகமாக எங்கோ ராப்பகலாக ஓடிய டிஸ்க். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இதே மாதிரி பழைய டிஸ்குகளைப் புதியவை என்று விற்றது பெரிய செய்தியானது. இங்கே நம் தெருவிலும் அது நடக்கிறது.

கடையில் கேட்டால், "நாங்க டீலர்கிட்ட வாங்கி விக்கிறோம், எங்களுக்கு எப்படித் தெரியும்?" பில்லில் 8 டிபி டிஸ்க் 2 என்று மட்டும் இருக்கிறது, சீரியல் எண் இல்லை. அதனால் இந்த டிஸ்க் எங்களுடையதே இல்லை என்றும் சொல்லிப் பார்த்தார்கள். நீங்கள் வாங்கினால் பணம் கொடுப்பதற்கு முன்பே கடையில் நின்று போனிலேயே சீரியல் எண்ணைச் சரிபாருங்கள், அந்த எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கிளம்பிவிடுங்கள். பழைய பாக்ஸை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், காப்பி முடிந்து இரண்டு மாதமாவது ஆகட்டும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

பழைய டிஸ்குகள் என்னிடமே இருந்ததால் பழையது தப்பித்தது. அந்த மூன்று வாரத்தில் சேர்த்தது போய்விட்டது. பேத்திக்குப் பெயர் வைத்த அன்று எடுத்த வீடியோவைப் புது பாக்ஸில் ஏற்றிவிட்டு, போனில் இடம் வேண்டும் என்று அழித்திருந்தேன். வந்திருந்த சொந்தக்காரர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சித்தி மகள் நாற்பது விநாடி ஒன்று அனுப்பியிருக்கிறாள். காதில் பெயர் சொல்லும் இடம் அதில் இல்லை.