லான்ஸா, கரோப்போலோவா?

2022 கோடையில் அமெரிக்கக் கால்பந்து அணியான சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸின் ரசிகர்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள்: குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், யார்?

ட்ரே லான்ஸுக்கு அப்போது வயது 22. கைவலு உண்டு, பந்தோடு ஓடவும் தெரியும். அவருக்காக அணி, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் தனக்கிருந்த மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைத் தாரை வார்த்திருந்தது. ஆனால் கல்லூரியில் முழுதாக ஆடியது ஒரே சீசன்.

ஜிம்மி கரோப்போலோ பந்தைச் சட்டென்று அனுப்பிவிடுவார். 2019 சீசனில் அணியைச் சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டம் வரை கூட்டிப்போனவர். அங்கே கடைசி நிமிடங்களில் சக வீரர் இம்மானுவேல் சாண்டர்ஸின் தலைக்கு மேலே பறந்துபோன அந்தப் பாஸைத்தான் யாரும் மறக்கவில்லை. போதாததற்கு அடிக்கடி காயம் வேறு.

லான்ஸை ஆடவிட்டதில் தப்பில்லை என்பேன். ஆடாமல் எப்படிக் கற்றுக்கொள்வது? ஆனால் இரண்டாவது ஆட்டத்திலேயே, சியாட்டிலுக்கு எதிராக நடுவில் புகுந்து ஓடியபோது கணுக்கால் உடைந்தது. டிசம்பரில் கரோப்போலோவுக்குப் பாதத்தில் முறிவு. அப்புறம் வந்தவர் ப்ராக் பர்டி, அந்த ஆண்டு டிராஃப்டில் 262-ஆவதாக, கடைசி ஆளாக எடுக்கப்பட்டவர்.