இறுக்க வேண்டியது ஒரு நட்டு, மாற்றியது முழுக் குழாய்

மட்டக்களப்பில் வீட்டுக் குழாய் வேலைக்கு ஆள் கூப்பிடும் முன் இதை வாசித்துவிடுங்கள். முக்கியமாக, வயதான தாய் தகப்பனைத் தனியே விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் வாசியுங்கள்.

கல்லடியில் எங்கள் அம்மா தனியாக இருக்கிறார். தண்ணீர்த் தாங்கியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் குழாயில் அப்பா காலத்துப் பித்தளை வால்வு ஒன்று இருந்தது. அதன் கைப்பிடித் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் நீர் துளிர்த்துச் சொட்டத் தொடங்கியது. வால்வில் வெடிப்பு இல்லை, குழாய் மூட்டுகளில் ஈரமில்லை. தண்டின் அடியில் மட்டும்தான் கசிவு.

இந்த இடத்தில் ஏன் கசிகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாதவர்களை நம்பித்தான் இந்த ஏமாற்று முழுவதும் நடக்கிறது. வால்வின் கழுத்துக்குள் தண்டைச் சுற்றித் திரி போன்ற அடைப்பு ஒன்று இருக்கும். ஒரு நட்டு அதை மேலிருந்து அழுத்திப் பிடித்திருக்கும். வருடக்கணக்கில் திறந்து மூட, திரி தேய்ந்து சுருங்கி, தண்டோரமாக நீர் ஏறும். நட்டைக் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் தண்ணீரை இறக்கிவிட்டு, நட்டைக் கழற்றிப் புதிய திரி சுற்ற வேண்டும். வால்வைக் குழாயிலிருந்து எடுக்கவே தேவையில்லை. குளிர்நாட்டு வீடுகளைச் சூடாக்கும் ரேடியேட்டரின் வால்வு தண்டில் கசிந்தாலும் முதலில் பார்ப்பது இந்த நட்டைத்தான். லண்டனில் இருக்கும் என் தம்பி தன் வீட்டில் இப்படித்தான் ஒரு ஸ்பானரை வைத்துச் சரிசெய்தான்.

அம்மாவுக்கும் இது தெரியும், அப்பா செய்வதைப் பார்த்திருக்கிறார். “தம்பி, அந்த நட்டை ஒருக்கால் இறுக்கிப் பாருங்களேன்” என்று வந்தவரிடம் கேட்டார். அவர் நட்டைத் தொடவே இல்லை. “அம்மா, லைன் முழுக்க உக்கிப்போய்விட்டது. இன்றைக்கு மாற்றாவிட்டால் இரவில் வெடித்து வீடெல்லாம் வெள்ளமாகும்” என்றார். தான் நீர் வழங்கல் சபைக்கும் வேலை செய்கிறவன் என்றும் சேர்த்துக்கொண்டார். எங்கள் குழாய் பி.வி.சி. உப்புக்காற்று இரும்பைத் தின்னும், பித்தளையில் பச்சை பிடிக்க வைக்கும். பி.வி.சி. எப்படி உக்கும்? எழுபதைத் தாண்டிய ஒரு பெண்ணைப் பயமுறுத்தி உழைப்பது எனக்குத் தாங்க முடியாத கொடுமையாகத் தெரிகிறது.

வாங்கிய தொகை 18,500 ரூபாய். பற்றுச்சீட்டு இல்லை. “பழைய சாமானை நானே கொண்டுபோய் எறிந்துவிடுகிறேன்” என்று பித்தளை வால்வையும் பையில் போட்டுக்கொண்டார். எறிவதற்கா? பழைய பித்தளையை நிறுத்துக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கனமான பழைய வால்வைப் பறித்துக்கொண்டு அவர் மாட்டியது என்ன தெரியுமா? வார இறுதியில் நான் போய், புதிய வால்வின் ஓரத்தைத் திறப்பு முனையால் சுரண்டினேன். மஞ்சள் பூச்சு உரிந்து, கீழே சாம்பல் கலந்த வெள்ளை உலோகம் தெரிந்தது. பித்தளை என்றால் உள்ளேயும் மஞ்சளாகத்தான் இருக்கும்.

அதற்குள் நிலைமை முன்பை விட மோசமாகியிருந்தது. சீல் டேப்பைத் தடிப்பாகச் சுற்றிப் பெரிய குறட்டால் இறுக்கியதில் வால்வின் வாய் விளிம்பு மயிரிழையாக வெடித்திருந்தது. மூட்டில் பூசிய பசை காய விடாமல் உடனே தண்ணீரைத் திறந்துவிட்டிருந்ததால் அங்கும் கசிவு. சொட்டாக இருந்தது சுவரில் ஒழுகலாகி, மின் சுவிட்சுக்கு ஒரு சாண் மேலே வரை ஈரம் இறங்கியிருந்தது. முதல் வேலையாக மின்சாரத்தை நிறுத்தினேன். வீட்டில் ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை, ஆனாலும் வாசலில் மீற்றரின் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைச் சுத்திகரித்து அனுப்புகிறார்கள், அது எங்கள் சுவரில் வீணாக வழிந்தது.

ஆள் தொலைபேசியை எடுப்பதில்லை. அவருடைய இலக்கத்தைக் கொடுத்த ஹார்ட்வெயர் கடையோ “அவர் எங்கள் ஆள் இல்லை” என்று கைகழுவிவிட்டது. ஆரையம்பதியிலிருந்து வந்த வேறொரு அண்ணன் நல்ல பித்தளை வால்வு போட்டு, பசை காயும் வரை காத்திருந்து, கூலியைத் தாளில் எழுதியும் தந்தார். நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயரையும் சேர்த்துத்தான் இப்படிப்பட்டவர்கள் கெடுக்கிறார்கள்.

எனவே விலையையும், போடப்போகும் பொருளையும் எழுதி வாங்கிய பிறகே வேலையைத் தொடங்க விடுங்கள். கழற்றிய பொருள் உங்களுடையது, அதை வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். “சபை ஆள்” என்று யாராவது சொன்னால் 1939 இலக்கத்தில் கேளுங்கள். மீற்றர் வரைக்கும்தான் சபையின் பொறுப்பு, அதற்கு உள்ளே இருப்பது வீட்டுக்காரருடையது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. நாங்கள் அங்கும் மத்தியஸ்த சபையிலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். கல்லடி, நாவற்குடா, காத்தான்குடிப் பக்கம் இதேபோல் வால்வைப் பறிகொடுத்தவர்கள் இருந்தால், பற்றுச்சீட்டு இல்லையே என்று பின்வாங்காமல் நீங்களும் எழுதிக் கொடுங்கள். பொருத்திவிட்டுப் போன மலிவு வால்வைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.