துப்பறியறதா, மறைக்கிறதா? நாலு ரோடு பக்கம் ஒரு வாடகைப் புத்தகக் கடை

தருமபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்துப்போய் எழுத்தே தெரியவில்லை, அதனால் பெயரை நானும் சொல்லப் போவதில்லை. 200 ரூபாய் அட்வான்ஸ், ஒரு புத்தகத்துக்கு வாரம் 15 ரூபாய், நாள் தாண்டினால் தினம் 2 ரூபாய் ஃபைன். மதியம் ஒன்றரைக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் தூக்குவார்கள். பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்து இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன்.

சரி, உள்ளே? ஒரு சுவர் முழுக்க க்ரைம்தான். சாணித்தாளில் வந்த பழைய மாத நாவல்களை நாலு நாலாகச் சேர்த்து பைண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். கூடப்பிறந்தவர்களுக்குள் நடக்கிற கொலைக்கதை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை, "துப்பறியறதா, மறைக்கிறதா தம்பி?" என்றார். அந்த ஒரு கேள்விக்கே முழு மார்க் போடலாம்.

மறைக்கிறது என்றேன். எடுத்துக் கொடுத்த நாவலின் முதல் பக்கத்திலேயே எவனோ ஒரு புண்ணியவான் நீலப் பேனாவில் "அண்ணன்தான் கொலைகாரன்" என்று எழுதி வைத்திருக்கிறான். வந்த கோபத்துக்குத் திருப்பிக் கொடுத்திருப்பேன், மழை பிடித்துக்கொண்டதால் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து புரட்ட ஆரம்பித்து, அப்புறம் விடவே முடியவில்லை.

துணி துவைக்கிற தங்கை அண்ணன் சட்டையில் மூன்றாவது பட்டன் இல்லாததைப் பார்க்கிறாள். அது இன்ஸ்பெக்டரின் மேஜையில் ஒரு தீப்பெட்டிக்குள் கிடப்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆனாலும் ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு எழுந்து புதுப் பட்டன் தைக்கிறாள். மற்றதெல்லாம் வெள்ளை நூல், அவசரத்தில் இது மட்டும் கறுப்பு. கொலைகாரன் யார் என்று தெரிந்தால் கதை செத்தது என்பதெல்லாம் இந்த வகைக்குப் பொருந்தாது, அவள் வாயைத் திறப்பாளா மாட்டாளா என்பதுதான் கதையே. பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. துரியோதனன் தம்பி விகர்ணன் சபையில் திரௌபதிக்காக எழுந்து நியாயம் பேசுகிறான், போர் என்று வந்ததும் அதே அண்ணன் பக்கம் நின்று பீமன் கையால் சாகிறான்.

ஒரு ஓட்டை உண்டு. அண்ணனைப் பரணில் ஒளித்து வைத்த தங்கையிடம் ஒரு வக்கீல், "கூடப்பிறந்தவங்க மறைச்சா கேஸ் இல்லம்மா" என்கிறார். தப்பு. குற்றவாளியை ஒளித்து வைப்பதில் விலக்கு கணவன் மனைவிக்கு மட்டும்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 212-வது பிரிவிலும் அப்படித்தான், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 249-லும் அப்படித்தான். கொலைக் கேஸ் என்றால் தங்கைக்கு 5 வருஷம் வரை ஜெயில். இதைத் தெரிந்து எழுதியிருந்தால் அந்தப் பரண் காட்சி இன்னும் கனத்திருக்கும்.

இதற்கு முன்னால் எடுத்த இரண்டிலும் கடைசி அத்தியாயத்தில் அண்ணன் லாரியில் அடிபட்டோ போலீஸ் குண்டு பட்டோ போய்ச் சேர்ந்துவிட்டான், தங்கை முடிவெடுக்க வேண்டிய வேலையே இல்லை. அது ஏமாற்று வேலை. இதில் அப்படி இல்லை, அவளேதான் முடிவெடுக்கிறாள். என்ன முடிவு என்று எழுதி வைக்க நான் அந்த நீலப் பேனாக்காரன் இல்லை.

புத்தகத்தை என் அண்ணன் தூக்கிக்கொண்டு போய்விட்டான், கேட்டால் இன்னும் முடிக்கவில்லை என்கிறான். ஃபைன் 18 ரூபாய் ஆகியிருக்கிறது, என் கணக்கில்.