நர்சிங் முதல் செமஸ்டர் கிட்: பை நிறைய சாமான், வேலைக்கு ஆவது எது?

ஜிப் வைத்த ஒரு பை. திறந்தால் இரட்டைக் குழாய் ஸ்டெதஸ்கோப், டயல் வைத்த பிபி அப்பரேட்டஸ், பென் டார்ச், கட்டு வெட்டும் கத்தரிக்கோல், முட்டியில் தட்டும் சுத்தியல், டிஜிட்டல் தெர்மாமீட்டர், அளவு நாடா, ரத்தம் எடுக்கும்போது கையில் இறுக்கும் டூர்னிகே பட்டை. நர்சிங் முதல் செமஸ்டருக்கென்று விற்கும் கிட்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த அச்சில்தான் வருகின்றன. பேரும் பையின் நிறமும்தான் மாறும். அதனால் ஒரு கம்பெனியை மட்டும் எடுத்துப் பேசாமல், இந்த வகை கிட்டையே பொருள் பொருளாகப் பிரித்துப் பார்த்துவிடலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிபி அப்பரேட்டஸ் நன்றாக இருந்தால் கிட்டை வாங்குங்கள். அது சுமார் ரகம் என்றால் மற்றது எத்தனை இருந்தாலும் வேண்டாம்.

காரணம் எளிது. முதல் செமஸ்டரில் கை பழக வேண்டியது வைட்டல்ஸ், அதாவது உடலின் அடிப்படை அளவுகளைப் பார்ப்பது. வெப்பநிலை, நாடி, மூச்சு மூன்றுக்கும் கருவி பெரிய விஷயமே இல்லை. ரத்த அழுத்தம் அப்படியல்ல. கருவி தப்பாக இருந்தால் உங்கள் காது சரியாகக் கேட்டும் எண் தப்பாக வரும். பழகும் காலத்தில் தப்பு கையிலா கருவியிலா என்று தெரியாமல் குழம்புவதைப் போல மனதை உடைப்பது வேறில்லை.

முதலில் கஃப், அதாவது மேல்கையில் சுற்றிக் கட்டும் காற்றுப் பட்டை. கிட்டில் ஒரே ஒரு கஃப்தான் வரும், அதுவும் பெரியவர்களுக்கான நடுத்தர அளவு, சுமார் 27 முதல் 34 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு. கஃப்புக்குள் இருக்கும் காற்றுப் பையின் அகலம் கைச் சுற்றளவில் 40 சதவீதமும், நீளம் 80 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஸ்கில் லேபில் (செய்முறைப் பயிற்சி அறையில்) வகுப்புத் தோழர்கள் ஒருவருக்கொருவர் பார்த்துத்தான் பழகுவார்கள். ஒல்லியான கை 23 செ.மீ. இருக்கும், பருமனான கை 38 தாண்டும். கஃப் சின்னதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், பெரிதாக இருந்தால் குறைத்துக் காட்டும். கிட்டில் வரும் அளவு நாடாவுக்கு உண்மையான வேலை இங்கேதான்: தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் கையைச் சுற்றி அளந்துவிட்டு, கஃப்பில் அச்சிட்ட எல்லைக் கோட்டுக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். கஃப்பில் எல்லைக் கோடே அச்சிடாத கிட்டை அங்கேயே ஒதுக்கிவிடலாம்.

அடுத்து டயல். காற்று துளியும் இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். சில மலிவு டயல்களில் பூஜ்யத்தில் ஒரு சின்னத் தடுப்பு ஊசி வைத்திருப்பார்கள். முள் கீழே இறங்க முடியாமல் அதில் சாய்ந்து நிற்கும், பார்ப்பவருக்குப் பூஜ்யம் சரி என்று தோன்றும், உள்ளே பிழை ஒளிந்திருக்கும். தடுப்பு இல்லாமல், பூஜ்யத்தைச் சுற்றி ஒரு சிறு கட்டம் வரைந்த டயலே நம்பகமானது. டயலுக்குள் இருப்பது காற்றழுத்தத்துக்கு விரியும் மெல்லிய உலோகக் குப்பி. ஒருமுறை தரையில் விழுந்தாலே அளவு மாறிவிடக்கூடும். விழுந்த டயலை மறுபடி சரிபார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். லேபில் அளவு சரிபார்த்த கருவி இருந்தால், ஒய் வடிவ இணைப்பில் இரண்டையும் ஒரே குழாயில் மாட்டி, 50 மி.மீ. இடைவெளியில் 250 வரை ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள் (இங்கே மி.மீ. என்பது ரத்த அழுத்தத்தின் அலகான பாதரச மி.மீ.). 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏற்க வேண்டாம்.

கசிவுச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கெட்டியான உருளை ஒன்றில் கஃப்பைச் சுற்றி, காற்றை விடும் திருகான வால்வை மூடி, 200 வரை ஏற்றி, முள் நிலைத்ததும் ஒரு நிமிடம் பாருங்கள். 4 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வையுங்கள், கசியும் இடத்தில் குமிழி வரும். டயலில் மட்டும் தண்ணீர் படக் கூடாது.

இந்த வகை கிட்களில் மிக அதிகமாகக் காலை வாருவது வால்வுதான். காற்றை நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. வேகத்தில் இறக்க வேண்டும். நல்ல வால்வு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்சம் அசைந்தாலே முள்ளைச் சீராக இறக்கும். மட்டமான வால்வு கால் சுற்று திருகும்வரை அசையாது, பிறகு சட்டென்று 20 மி.மீ. ஒரே மூச்சில் போய்விடும். அந்த இடைவெளியில்தான் ஸ்டெத்தில் கேட்க வேண்டிய முதல் தட்டொலி வந்து போயிருக்கும். நீங்கள் கேட்டது இரண்டாவதோ மூன்றாவதோ. சிஸ்டாலிக் (மேல் எண்) குறைவாக எழுதப்படும், டயஸ்டாலிக்கும் (கீழ் எண்) தடுமாறும். பத்துமுறை மூடித் திறந்து பாருங்கள், ஒரே கையால். இரண்டு கை தேவைப்படும் வால்வு வேண்டாம், இன்னொரு கை ஸ்டெத்தைப் பிடித்திருக்கும்.

ஏற்றும் அளவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டே ஏற்றி, நாடி மறையும் எண்ணைக் குறித்து, காற்றை முழுதாக விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, அந்த எண்ணுக்கு மேல் 30 மி.மீ. ஏற்றுங்கள். நேரே ஸ்டெத்தை வைத்துக் குத்துமதிப்பாக ஏற்றுகிறவர்கள், சிலருக்கு நடுவில் ஒலி மறைந்து மறுபடி வரும் இடைவெளியில் மாட்டிக்கொள்வார்கள்.

ஸ்டெதஸ்கோப் விஷயத்தில் கிட் தோற்றுவிடுகிறது. இரட்டைக் குழாய் வகையில் இரண்டு ரப்பரும் ஒன்றோடொன்று உரசி ஒரு சரசரப்பு வரும். கற்றுக்கொள்பவர் அதை மூச்சொலி என்று எண்ணிக் குழம்புவார். நடுவில் மாட்டும் கிளிப் கொஞ்சம் உதவும், முழுதாகத் தீர்க்காது. தனியாக வாங்குவதென்றால் ஒற்றைக் குழாய் வகைக்குப் போங்கள். லிட்மன் கிளாசிக் 3 மாணவர்களிடம் அதிகம் பார்க்கக் கிடைக்கும் மாடல்: எடை 150 கிராம், குழாயோடு மொத்த நீளம் 69 செ.மீ., 5 வருட வாரண்டி. அதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் டயாபிரம்தான், அதாவது மெல்லிய தகடு மூடிய பக்கம். லேசாக வைத்தால் தாழ்ந்த ஒலி, அழுத்தினால் உயர்ந்த ஒலி. ஆசிரியர் ‘பெல் பக்கம் வை’ என்றால் (பெல் என்பது தாழ்ந்த ஒலி கேட்கும் திறந்த கிண்ணப் பக்கம்) லேசாக வைக்க வேண்டும், அல்லது சின்னப் பக்கத்து டயாபிரத்தைக் கழற்றிக் கூடவே வரும் வளையத்தை மாட்டிப் பெல்லாக்கிக்கொள்ள வேண்டும். முதல் செமஸ்டருக்கு இதற்கு மேல் விலையுள்ள கார்டியாலஜி மாடல் தேவையே இல்லை.

எந்த ஸ்டெத் ஆனாலும் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்பதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். காதுமுனை மூக்கை நோக்கி முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், திருப்பி மாட்டியிருப்பார்கள். அல்லது தலைப்பகுதி மறுபக்கம் திரும்பியிருக்கும். விரல் நுனியால் மெல்லத் தட்டினால் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வெறும் கழுத்தில் போட்டு நடக்காதீர்கள், தோலின் எண்ணெய்ப் பசையில் குழாய் நாளடைவில் விறைத்து வெடிக்கும். துடைக்க 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும், தண்ணீரில் முக்கக் கூடாது.

கத்தரிக்கோல் பரவாயில்லை. தோல் பக்கம் போகும் முனை மழுங்கலாக, தட்டையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பென் டார்ச்சின் பக்கவாட்டில் கண்மணி அளவு வட்டங்கள் அச்சிட்டிருக்கும். மி.மீ. அளவுகோலை வைத்து ஒருமுறை ஒப்பிடுங்கள், அச்சு தப்பாக இருப்பது உண்டு. தெர்மாமீட்டர் டிஜிட்டலாக இருக்கட்டும். பாதரச வகையைப் பையில் போட்டுத் தந்தால் திருப்பிக் கொடுங்கள். உடைந்தால் பாதரசம் ஆபத்து. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை 2020-ஐயே அதன் தயாரிப்பை நிறுத்துவதற்கான கெடுவாக வைத்தது. சுத்தியலும் டூர்னிகே பட்டையும் அடிப்படைப் பயிற்சியில் பையிலேயே தூங்கும். பட்டை லேடெக்ஸா (இயற்கை ரப்பரா) என்று மட்டும் கவனியுங்கள், சிலருக்கு அலர்ஜி.

இத்தனை சாமான் இருந்தும், தினமும் கட்டாயம் தேவைப்படும் ஒன்று பெரும்பாலான கிட்களில் இருக்காது: நொடி முள் உள்ள கடிகாரம். நாடி சீராக இருந்தால் 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கலாம், சீரற்றதாக இருந்தால் முழு 60 நொடி. மூச்சை எண்ணுவதை நோயாளியிடம் சொல்லக் கூடாது, சொன்னால் மூச்சின் போக்கு மாறிவிடும். விரலை மணிக்கட்டிலேயே வைத்தபடி நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். அப்போது கண் ஓரத்தில் சுழலும் முள் இருந்தால் எளிது, இலக்கங்கள் மாறும் டிஜிட்டல் வாட்சில் எண்ணிக்கை தவறிப்போகும். மணிக்கட்டு வாட்சும் வேண்டாம், சோப்புப் போட்டுக் கை கழுவும் 40 முதல் 60 நொடியில் அதன் அடியில் மட்டும் கழுவப்படாமல் நிற்கும். சட்டையில் குத்தித் தொங்கவிடும் ஃபாப் வாட்ச் வாங்குங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் கல்லூரி தரும் சாமான் பட்டியலைப் பாருங்கள். சில கல்லூரிகள் பிபி அப்பரேட்டஸைத் தாங்களே தருகின்றன. அப்படியானால் கிட்டே வேண்டாம், ஸ்டெத்தும் வாட்சும் போதும். கிட் வாங்கினால், வந்த அன்றே கசிவுச் சோதனையும் வால்வுச் சோதனையும் செய்துவிடுங்கள். பெயரை மார்க்கரால் எழுதுவது அதற்குப் பிறகு. பெயர் எழுதிய பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார்.