லாம்ப்ரே குடம்பி வழுக்கித் தொகுதி: வழுக்கி அருமை, துண்டுத்தாள் பிழை

உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்காகத் திருகோணமலை நகரில் ஆய்வுகூடச் சாமான் விற்கும் கடையொன்றில் சொல்லிவைத்து எடுத்த கண்ணாடி வழுக்கித் தொகுதி இது. லாம்ப்ரே என்றால் விலாங்குபோல நீண்ட, தாடையில்லாத மீன். கொழும்பிலிருந்துதான் வரவேண்டும், ஆனால் கடைக்காரர் சொன்ன கிழமையிலேயே ஒன்றும் உடையாமல் வந்துவிட்டது. முழுக்குடம்பி ஒன்று, குறுக்குவெட்டு மூன்று. விலை கூடத்தான். என்ன செய்வது, இலங்கையின் எந்த ஆற்றிலும் லாம்ப்ரே கிடையாது, கந்தளாய்க் குளத்து விலாங்கை அறுத்துக் காட்டிச் சமாளிக்கவும் முடியாது, விலாங்குக்குத் தாடை இருக்கிறதே.

தொண்டைப் பகுதிக் குறுக்குவெட்டு ஒன்றுக்காகவே வாங்கலாம். குறைந்த உருப்பெருக்கத்திலேயே மேலே தட்டையான நரம்புநாண், அதன் கீழ் உருண்டையாகப் பெரிய முதுகுநாண், இரு பக்கமும் பூக்களின் (செவுள்களின்) மடிப்புகள், அடியில் எண்டோஸ்டைல் என்னும் சுரப்புறுப்பு என்று எல்லாம் இளஞ்சிவப்புச் சாயத்தில் பளிச்சென்று தெரிகிறது. குடம்பி உருமாறும்போது தைரொயிட் சுரப்பியாவது இந்த எண்டோஸ்டைல்தான். இதைச் சொல்லிவிட்டு நுணுக்குக்காட்டியைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் லேசில் எழும்ப மாட்டார்கள்.

கோபம் வருவது உள்ளே வைத்திருக்கும் துண்டுத்தாளைப் பார்த்துத்தான். "இரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணி" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். குடம்பி எங்கே இரத்தம் குடிக்கிறது? அதற்குப் பல்லே இல்லை, ஓடை மணலுக்குள் வருடக்கணக்கில் புதைந்திருந்து அல்காவையும் உக்கலையும் வடித்துத் தின்கிறது. பெட்டியில் இக்தியோமைசோன் என்று சாதிப் பெயர் மட்டும் இருக்கிறது, இனப் பெயர் இல்லை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நன்னீரில் வாழும் இந்தச் சாதியில் 6 இனங்கள். காஸ்டேனியஸ், யுனிகஸ்பிஸ், டெல்லியம் மூன்றும் வளர்ந்தபின் மீன்களில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும், சரி. ஆனால் கேஜி, ஃபொஸர், கிரீலி மூன்றும் உருமாறிய பிறகு எதையுமே தின்பதில்லை, முட்டையிட்டுச் செத்துப்போகும். அதிலும் காஸ்டேனியஸுக்குக் கேஜி, யுனிகஸ்பிஸுக்கு ஃபொஸர், டெல்லியத்துக்குக் கிரீலி என்று சோடி சோடியாக நெருங்கிய உறவு, ஒரு சோடியின் குடம்பிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் பிரித்தறிவது பெரும் பாடு. அப்படியிருக்க இது ஒட்டுண்ணிதான் என்று எதை வைத்து எழுதினார்கள்? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அதை அப்படியே மனப்பாடம் செய்துவிடும். வாங்குகிறவர்கள் துண்டுத்தாளை எடுத்துவிட்டு வழுக்கியை மட்டும் வகுப்புக்குக் கொண்டு போங்கள்.

அப்புறம், முழுக்குடம்பி வழுக்கியின் ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழி இருந்தது, கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் பெட்டியை யன்னலோரம் வைக்க வேண்டாம், வழுக்கிகளைப் படுக்கையாகவே அடுக்கி வையுங்கள்.