என் காலுக்குப் பழகிப்போன பிரேக்: 9 ஆண்டு அனுபவம்

ஒரே காரை 9 ஆண்டுகளாக, ஏறத்தாழ 1,10,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம் என்ற வழக்கமான அமைப்புதான். இதுவரை மூன்று முறை பிரேக்கில் கோளாறு வந்திருக்கிறது. மூன்று முறையும் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை.

முதலாவது, வண்டி ஓடும்போது முன்சக்கரத்திலிருந்து வந்த மெல்லிய கீச்சொலி. பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தகட்டை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும், அதில் பொருத்தப்பட்டுள்ள சிறிய தகடு டிஸ்க்கில் உரசி எழுப்பும் ஒலி அது. பிரேக்கை மிதித்தால் சத்தம் நின்றுவிடுகிறது என்பதால், பிரேக்கில் பழுதில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மழையில் நனைந்து நின்ற வண்டியின் டிஸ்க்கில் படியும் மெல்லிய துருவும் காலையில் இப்படி உரசும்; ஆனால் அது நான்கைந்து முறை பிரேக் பிடிப்பதற்குள் மறைந்துவிடும். இது மறையவில்லை. சில வாரங்களில் கீச்சொலி போய் இரும்போடு இரும்பு அரைபடும் ஓசை வந்தபோது டிஸ்க்குகளில் ஆழமான கோடுகள் விழுந்திருந்தன. பேட்களோடு முடிந்திருக்க வேண்டிய செலவு இரண்டு டிஸ்க்குகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டது.

இரண்டாவது கோளாறை நான் கண்டுபிடிக்கவே இல்லை. ஒருநாள் வண்டியை ஓட்டிப் பார்த்த என் தம்பி, "பிரேக் பிடிக்கும்போது இடப்பக்கம் இழுக்கிறதே, தெரியவில்லையா?" என்று கேட்டான். மாதக்கணக்கில் சிறிது சிறிதாக வளர்ந்த அந்த இழுப்புக்கு ஏற்ப என் கைகள் ஸ்டீயரிங்கைத் தாமாகவே வலப்பக்கம் பிடித்துப் பழகியிருந்தன. வண்டியை நிறுத்தி, சக்கரங்களைத் தொடாமல் அருகில் கையை வைத்துப் பார்த்தபோது, இடப்பக்க முன்சக்கரத்தின் வெப்பம் மட்டும் தனியாக உறைத்தது. காலிப்பர் (பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி) நகர வேண்டிய ஊசிகளில் கிரீஸ் உலர்ந்து இறுகிவிட்டதால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் எப்போதும் உரசிக்கொண்டிருந்தது. ஊசிகளைச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் தடவி, இரு பக்கப் பேட்களையும் சேர்த்தே மாற்றினார்கள்; ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிடிமானம் மீண்டும் சமமில்லாமல் போகும்.

மூன்றாவதுதான் என்னை உண்மையில் அச்சுறுத்தியது. நீண்ட மலையிறக்கத்தில் நான்காம் கியரிலேயே பிரேக்கை விடாமல் அழுத்தியபடி இறங்கிக்கொண்டிருந்தேன். முதலில் கருகல் வாடை. பிறகு மிதித்த பெடல் தரையை நோக்கி மெத்தென்று இறங்கியது. பெடலை விட்டு விட்டு வேகமாகப் பலமுறை மிதித்ததும் ஓரளவு பிடிப்பு திரும்பியது. அதற்குள் மூன்றாம் கியருக்கும் பிறகு இரண்டாம் கியருக்கும் இறக்கி, நான்கு முனை விளக்கையும் போட்டு, அகலமான ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும் என்பதால், அதன் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சிறிது சிறிதாகவே உயர்த்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை, ஓடும் வண்டியில் அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும், சாவியைக் கடைசி வரை திருப்பினால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளலாம்.

அரை மணி நேரம் ஆறிய பிறகு பெடல் பழையபடி உறுதியாகிவிட்டது. ஏமாற்றும் இடம் இதுதான், அந்நிலையில் யார் மிதித்துப் பார்த்தாலும் குறையொன்றும் தெரிந்திருக்காது. காரணம், மிதிக்கும் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பிரேக் ஆயிலை நான்கு ஆண்டுகளாக மாற்றாததுதான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பே 155 டிகிரிதான். கொதித்தால் உண்டாகும் ஆவிக்குமிழிகள் அழுத்தத்தில் சுருங்கிவிடுவதால், மிதிக்கும் விசை சக்கரத்தைச் சென்று சேராது. எச்சரிக்கை விளக்குக்குத் தொட்டியில் ஆயிலின் மட்டம் மட்டுமே தெரியும். அதன் வயது தெரியாது. இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன், இறக்கத்தில் தொடக்கத்திலேயே கியரைக் குறைத்துவிடுகிறேன்.

மாதத்துக்கு ஒருமுறை நின்ற வண்டியில் இரண்டு சோதனைகள் செய்கிறேன். எஞ்சினை அணைத்துப் பெடலைப் பலமுறை மிதித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் அது சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் துணைவிசைப் பகுதியைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஒரே அழுத்தத்தில் மிதித்து வைத்திருக்கும் பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால், எங்காவது ஒழுகலோ, பெடலின் விசையை ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறோ இருக்கக்கூடும். அந்த வண்டியைச் சாலைக்கு எடுக்கவே கூடாது. இவற்றோடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தம்பியிடம் சாவியைக் கொடுத்து ஒரு சுற்று ஓட்டச் சொல்கிறேன். சென்ற முறை அவன் இழுப்பு எதுவும் இல்லை என்றான். முன்பக்கப் பேட்கள் 5 மில்லிமீட்டர் இருந்தன.